"ஜியாகிரபி படிச்சு என்ன பண்ணப் போற?" – வாங்க, கணக்குப் போட்டுப் பார்ப்போம்



ஒவ்வொரு வருஷமும் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ஊருக்கு ஊர் நடக்கிற காட்சி இது. அரசு கலைக் கல்லூரியில் கலந்தாய்வு. வரிசையில் நிற்கிற பிள்ளையின் முறை வரும்போது பி.காம். இடம் தீர்ந்திருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸும் தீர்ந்திருக்கும். "பி.எஸ்சி. புவியியல் இருக்கு, வேணுமாம்மா?" என்று கேட்பார்கள். பிள்ளை திரும்பி அப்பாவைப் பார்க்கும். அப்பாவுக்கும் தெரியாது. கூட வந்த சொந்தக்காரர்தான் பதில் சொல்வார்: "ஜியாகிரபி படிச்சு என்ன பண்ணப் போற? மேப் விக்கப் போறியா?"

எல்லாரும் சிரிப்பார்கள். பிள்ளையும் சேர்ந்து சிரிக்கும். படிப்பு ஆரம்பிக்கும் முன்பே அதன் மேல் இருந்த நம்பிக்கை அந்தச் சிரிப்போடு போய்விடும்.

இந்தப் பதிவு அந்தச் சொந்தக்காரருக்குப் பதில். "எந்தப் படிப்பும் உயர்ந்த படிப்புதான்" என்று மேடையில் பேசுவது போலப் பேசப் போவதில்லை. கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைக்கிற வீட்டில் காசுதான் முதல் கேள்வி. அப்படிக் கேட்பதில் எந்த வெட்கமும் வேண்டாம். அதனால் காசுக் கணக்காகவே பார்ப்போம். சாதகத்தையும் சொல்வோம், பாதகத்தையும் மறைக்க மாட்டோம்.

முதலில் செலவு

அரசு கலைக் கல்லூரியில் ஒரு வருஷத்துக்குக் கட்டுகிற பணம் சில ஆயிரங்களைத் தாண்டாது. பஸ் பாஸ் இருக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து, தகுதி வரம்புக்குள் வருகிற பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. மூன்று வருஷத்துக்கு 36,000 ரூபாய். அதாவது கடன் வாங்காமல் முடிக்கக்கூடிய படிப்பு இது.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளையை வைத்துப் பாருங்கள். சுமாரான ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. கணக்குக்காக 5 லட்சம் ரூபாய் கல்விக் கடன், 10 சதவீத வட்டி, 7 வருஷத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 8,300 ரூபாய் வரும். ஏழு வருஷத்தில் திருப்பிக் கட்டுவது ஏறக்குறைய 7 லட்சம். அந்தப் பிள்ளை 20,000 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தால் தவணை போகக் கையில் நிற்பது 11,700. புவியியல் முடித்த பிள்ளை 15,000 ரூபாய்க்குச் சேர்ந்தாலும் அந்த 15,000-மும் வீட்டுக்கு வரும். அதுவும் ஒரு வருஷம் முன்னாடியே வரும். ஏனென்றால் அங்கே நாலு வருஷம், இங்கே மூணு வருஷம்.

உடனே "அப்போ பொறியியலே வேண்டாமா?" என்று கேட்காதீர்கள். நல்ல கல்லூரியில் நல்லாப் படித்த பொறியாளரின் சம்பளம் அஞ்சு வருஷத்தில் எங்கேயோ போய்விடும். அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பட்டத்தின் விலையைப் பார்க்கும்போது முதல் மாதச் சம்பளத்தை மட்டும் பார்க்கக் கூடாது. போட்ட பணம் எவ்வளவு, தோற்றால் இழப்பு எவ்வளவு, பத்து வருஷத்தில் எங்கே போய் நிற்கலாம் என்கிற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு கேள்விகளில் புவியியல் தாராளமாகத் தேறும். சிக்கல் மூன்றாவதில்தான் இருக்கிறது.

அடுத்தது வரவு: வழி எங்கெங்கே இருக்கு?

"புவியியலாளர் தேவை" என்று யாரும் பேப்பரில் விளம்பரம் கொடுக்க மாட்டார்கள். இந்தப் பட்டத்தின் பெரிய பலவீனமே அதுதான். பி.காம். என்றால் கணக்கு வேலை, நர்சிங் என்றால் ஆஸ்பத்திரி. இதற்கு அப்படி நேரான ஒரு பெயர்ப் பலகை கிடையாது. வேலை பல இடங்களில், பல பெயர்களில் சிதறிக் கிடக்கிறது. தேடித்தான் பிடிக்க வேண்டும்.

முதல் வழி, வாத்தியார் வேலை. அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தும் பட்டதாரி ஆசிரியர்களில் புவியியலுக்கென்றே தனிப் பணியிடங்கள் உண்டு. ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படி. முதுகலையும் முடித்து மேல்நிலைக்குப் போனால் அடிப்படைச் சம்பளம் 36,900-ல் தொடங்கும். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் இடையில் இருக்கிற படிகளையும் எண்ணுங்கள். மூன்று வருஷப் பட்டம், இரண்டு வருஷ பி.எட்., டெட் தேர்ச்சி, அதற்குப் பிறகு நியமனத்துக்கான போட்டித் தேர்வு. அறிவிப்பு எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருக்கும் வருஷங்கள் தனி. சம்பளம் உறுதியானது. அது கிடைக்கும் தேதிக்குத்தான் உறுதி இல்லை.

இரண்டாவது, போட்டித் தேர்வு. டிஎன்பிஎஸ்சி பொது அறிவுத் தாளில் புவியியல் ஒரு தனி அலகு. குடிமைப் பணித் தேர்வில் முதல்நிலையிலும் வரும், முதன்மைத் தேர்வின் பொதுத் தாளிலும் வரும். விருப்பப் பாடமாக எடுத்தால் எழுத்துத் தேர்வின் 1,750 மதிப்பெண்ணில் 500 அதற்கு. இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் பணிக்கு அடிப்படைச் சம்பளம் 19,500-ல் ஆரம்பம். துணை ஆட்சியர் என்றால் 56,100. மற்றவர்கள் கோச்சிங் சென்டருக்குக் காசு கட்டிப் படிக்கிற ஒரு பகுதியை இந்தப் பிள்ளை கல்லூரியிலேயே படித்து முடித்திருக்கும். ஆனால் அது ஒரு பகுதிதான். வரலாறும் அரசியலமைப்பும் கணக்கும் தமிழும் எல்லாருக்கும் போலத் தனியாகத்தான் படிக்க வேண்டும்.

மூன்றாவது, ஆராய்ச்சி. முதுகலை முடித்து யுஜிசி நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. 2023 ஜனவரி முதல் இந்தத் தொகை. சிலருக்குத்தான் கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

நான்காவது வழிதான் நம் ஊரில் இன்னும் சரியாகத் தெரியாதது. கம்ப்யூட்டரில் வரைபடம்: ஜி.ஐ.எஸ்., தொலையுணர்வு, ட்ரோன் அளவை. 2021 பிப்ரவரி 15-ஆம் தேதி ஒன்றிய அரசு வரைபட விதிகளைத் தளர்த்தியது. அதுவரை அனுமதி, உரிமம் என்று அலைய வேண்டியிருந்த வரைபட வேலையை இந்திய நிறுவனங்கள் முன்அனுமதி இல்லாமலே செய்யலாம் என்றானது. 2022 டிசம்பரில் தேசிய புவிசார் கொள்கையும் வந்தது. இன்றைக்கு உணவு டெலிவரி, லாரி போக்குவரத்து, செல்போன் டவர், காற்றாலை, பயிர்க் காப்பீடு, சொத்து வரி என எதை எடுத்தாலும் "எது எங்கே இருக்கிறது" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். அந்தக் கேள்விதான் புவியியல்.

இங்கேயும் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். இந்தத் துறையில் கீழ்ப்படியில் சேர்கிறவர்களுக்கு, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீட்டையும் ரோட்டையும் கோடு போட்டு வரைகிற வேலைதான் கிடைக்கும். சம்பளம் குறைவு. அந்த வேலையையும் இப்போது மென்பொருளே செய்ய ஆரம்பித்துவிட்டது. கோடு போட மட்டும் தெரிந்த பிள்ளைக்கு எதிர்காலம் இல்லை. மென்பொருள் போட்ட கோடு சரியா தப்பா, இது வயலா குளமா, இந்த வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தான் மேல்படி. அதைக் கற்றுக்கொடுக்கிற படிப்பு புவியியல். ஆனால் கல்லூரியில் கம்ப்யூட்டரே இல்லை என்றால் எப்படிக் கற்றுக்கொடுப்பது?

இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். ஒரு பட்டத்தின் விலையில் பாதி பிள்ளையின் உழைப்பில் இருக்கிறது. மீதிப் பாதி அரசாணையிலும் ஆய்வகத்திலும் இருக்கிறது. அந்த மீதிப் பாதிக்காகப் பேச வேண்டியது அரசியல் கட்சிகளின் வேலை. அதனால்தான் நம் பக்கத்தில் இது வருகிறது.

பூட்டிய கதவு ஒன்று

ஒரே ஒரு உதாரணம் சொல்கிறோம். டிஎன்பிஎஸ்சி 2022-ல் நில அளவர், வரைவாளர் பணிகளுக்கு அறிவிப்பு கொடுத்தது. சிவில் டிப்ளமோ அல்லது ஐ.டி.ஐ.யில் சர்வேயர், வரைவாளர் பிரிவு படித்தவர்களுக்கான பணியாகத்தான் அது வந்தது. பி.எஸ்சி. புவியியலுக்கு அதில் இடமில்லை.

புவியியல் மாணவர்கள் என்ன படிக்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். சங்கிலி பிடித்து நிலம் அளக்கிறார்கள். காம்பஸ் வைத்துக் கோணம் எடுக்கிறார்கள். வெயிலில் ப்ளேன் டேபிள் போட்டு நின்று வரைகிறார்கள். நில அளவைத் துறை வெளியிடும் தாள்களில் உயரக் கோடு படிக்கிறார்கள். செயற்கைக்கோள் படத்தையும் படிக்கிறார்கள். நிலத்தை அளக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, நிலம் அளக்கிற வேலைக்கு "உனக்குத் தகுதி இல்லை" என்கிறோம்.

டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்த தம்பி தங்கைகளின் இடத்தைப் பறிக்கச் சொல்லவில்லை. அவர்களும் நம் பிள்ளைகள்தான். இவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தேர்வு வையுங்கள், தேறியவர்களுக்குத் துறைப் பயிற்சி கொடுங்கள் என்கிறோம். பட்டா மாறுதலுக்கும் உட்பிரிவுக்கும் மனு போட்டுவிட்டு, "சர்வேயர் எப்போ வருவார்" என்று தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிற ஒவ்வொரு விவசாயிக்கும் இது சம்பந்தப்பட்ட விஷயம். புல வரைபடத்தில் அரை சென்ட் தப்பானாலும் அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகிற ஊர் இது. அளக்கத் தெரிந்த ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. இருக்கிறார்கள், ஆனால் கதவுக்கு வெளியே நிற்கிறார்கள்.

இந்த மண்ணின் படிப்பு

புவியியல் நமக்கு எங்கிருந்தோ வந்த படிப்பு இல்லை. இந்தியாவையே அளந்த மாபெரும் முக்கோண அளவைப் பணியின் முதல் அடிக்கோடு 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி சென்னைப் பரங்கிமலைப் பக்கம்தான் தொடங்கியது. லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி தொடங்கிய அந்தக் கோடுதான் வளர்ந்து வளர்ந்து இமயமலை உயரத்தை அளக்கிற வரைக்கும் போனது. 1926-ல் சென்னையில் தொடங்கிய மெட்ராஸ் புவியியல் சங்கம்தான் இன்றைய இந்தியப் புவியியல் சங்கம். அளவையும் வரைபடமும் இங்கே தொடங்கிய வரலாறு. அந்த மண்ணின் பிள்ளை, "மிச்சம் இருந்த சீட்" என்று தலை குனிந்து இந்தப் படிப்பில் சேர்வது சரியா?

வரலாற்றை விடுங்கள், நேற்று நடந்ததைப் பாருங்கள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலில் மறுபடி மூழ்கியது. அதே மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையில் ஊர் ஊராகத் தண்ணீர். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் கேட்டோம்: தண்ணீர் போகிற வழியில் வீடு கட்ட யார் அனுமதி கொடுத்தது? ஏரி எங்கே இருந்தது, வாய்க்கால் எங்கே போனது, எந்தத் தெரு எத்தனை அடி தாழ்வு என்று வரைந்து, பார்த்து, "இங்கே கட்டாதே" என்று சொல்கிற ஆள் ஒவ்வொரு நகராட்சியிலும் இருந்திருக்க வேண்டாமா? அந்த ஆளுக்குக் கொடுக்கிற மாதச் சம்பளம் பெரிதா, ஒரு வெள்ளத்தில் போகிற கட்டிலும் பீரோவும் ஆடு மாடும் கடைச் சரக்கும் பெரிதா? புவியியல் பட்டத்தின் பண மதிப்பை அந்தப் பிள்ளையின் சம்பளச் சீட்டில் மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். மீதி, நம் வீட்டுக்குள் வராத தண்ணீரில் இருக்கிறது.

நாம் கேட்பது

1. நில அளவர், வரைவாளர் பணிகளுக்கான கல்வித் தகுதியில் பி.எஸ்சி. புவியியலைச் சேர்க்க வேண்டும்.

2. புவியியல் துறை உள்ள ஒவ்வொரு அரசு கலைக் கல்லூரியிலும் ஓடுகிற கம்ப்யூட்டர்களும் இணையமும் உள்ள ஜி.ஐ.எஸ். ஆய்வகம் வேண்டும். இதற்கு மென்பொருள் வாங்கக் கோடிகள் தேவையில்லை, கியூஜிஐஎஸ் இலவசம். கம்ப்யூட்டரும் கற்றுக்கொடுக்க ஆளும் இருந்தால் போதும்.

3. நகராட்சிகளிலும் மாவட்டப் பேரிடர் மேலாண்மைப் பிரிவுகளிலும் வரைபடப் பணிக்கு நிரந்தரப் பணியிடங்கள் உருவாக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு ஒப்பந்தத்தில் ஆள் பிடிக்கிற வேலை வேண்டாம்.

4. பட்டதாரி ஆசிரியர் காலியிடங்களை வருஷாவருஷம் அறிவித்து நிரப்ப வேண்டும். படித்துவிட்டுக் காத்திருக்கிற ஒவ்வொரு வருஷமும் அந்தக் குடும்பத்துக்கு நஷ்டம்.

5. மேல்நிலைப் பள்ளிகளில் புவியியல் பாடப் பிரிவை அதிகமாக்க வேண்டும். பத்தாவதோடு வரைபடத்தை மறந்துவிட்டு வருகிற பிள்ளைக்குக் கல்லூரியில் முதல் வருஷமே வீணாகிறது.

இப்போது படிக்கிற தம்பி, தங்கைக்கு

அரசு செய்யும் வரை உட்கார்ந்திருக்காதே. மூன்று வருஷம் உன் கையில் இருக்கு.

முதல் வருஷம் கியூஜிஐஎஸ் பழகு. உன் ஊர் ஏரியை வரை, தெருவை வரை, ரேஷன் கடையையும் பள்ளிக்கூடத்தையும் குறி. இஸ்ரோவின் புவன் தளத்தில் படங்கள் கிடைக்கும். அமெரிக்காவின் லேண்ட்சாட், ஐரோப்பாவின் சென்டினல் படங்களும் காசில்லாமல் கிடைக்கும். இரண்டாம் வருஷம், டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் நடத்தும் இலவச ஆன்லைன் வகுப்புகளில் சேர், சான்றிதழும் தருகிறார்கள். அதோடு கொஞ்சம் பைத்தானும் எக்செல்லும் கத்துக்கோ. மூன்றாம் வருஷம் முடிவு எடு: பி.எட்.டா, போட்டித் தேர்வா, புவித் தகவலியல் முதுகலையா, வேலையா? நாலு குதிரையில் கால் வைக்காதே.

வேலை கேட்டுப் போகும்போது மார்க் ஷீட்டோடு நீ வரைந்த நாலு வரைபடத்தையும் எடுத்துக்கிட்டுப் போ. "எங்க ஊர்ல 20 வருஷத்துல ஏரி எவ்வளவு சுருங்கியிருக்குன்னு நானே அளந்தேன் சார்" என்று சொல்கிற பிள்ளையை யாரும் "மேப் விக்கிற பையன்" என்று சிரிக்க முடியாது.

கடைசியாக, நம் தோழர்களுக்கு

வரும் கலந்தாய்வு நாளில் உங்கள் ஊர் அரசுக் கல்லூரி வாசலில் நம் ஆட்கள் நிற்க வேண்டும். கொடி பிடிக்க இல்லை, வழி சொல்ல. புவியியல் வேறு, நிலவியல் வேறு என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. எடுத்துச் சொல்லுங்கள். செலவு எவ்வளவு, என்னென்ன வழி இருக்கு, எந்த வழி எவ்வளவு நாள் பிடிக்கும் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். பொய் நம்பிக்கை கொடுத்துச் சேர்த்துவிட்டால், மூணு வருஷம் கழித்து அந்தப் பிள்ளை நம் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். உண்மையைக் கேட்ட பிறகும் வேறு பாடம்தான் வேண்டும் என்றால் அது அந்தப் பிள்ளையின் உரிமை. விருப்பமில்லாத பாடத்தில் தள்ளிவிடாதீர்கள்.

உங்கள் பகுதிக் கல்லூரியில் புவியியல் ஆய்வகம் எப்படி இருக்கிறது, எத்தனை கம்ப்யூட்டர் ஓடுகிறது என்பதை நேரில் பார்த்து இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். புவியியல் படித்து வேலையில் இருக்கிற தோழர்கள் எந்த வேலை, எப்படிப் போனீர்கள் என்று ரெண்டு வரி எழுதுங்கள். அடுத்த வருஷம் வரிசையில் நிற்கப் போகிற பிள்ளைக்கு அந்த ரெண்டு வரி பெரிய உதவி.

"ஜியாகிரபி படிச்சு என்ன பண்ணப் போற?" என்று இனி யாராவது கேட்டால், அந்தப் பிள்ளை சிரித்து மழுப்ப வேண்டியதில்லை. "உங்க நிலத்தை அளப்பேன் மாமா. உங்க வீட்டுக்குள்ள தண்ணி வராம பார்ப்பேன். உங்க பேரனுக்குப் பாடம் நடத்துவேன்" என்று நிமிர்ந்து சொல்லட்டும். அந்தப் பதில் நிஜமாகிற வரை நாம் பேசுவோம்.

படித்துவிட்டுப் பகிருங்கள், தோழர்களே. இந்த வருஷம் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற வீட்டுக்கு முதலில் அனுப்புங்கள்.

#புவியியல்_நம்_உரிமை
#அரசுக்கல்லூரிக்கு_ஆய்வகம்_வேண்டும்